பி2135 கோட் வந்தால் த்ராட்டில் பாடியை மாற்றியே ஆக வேண்டுமா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூருக்கு தினமும் வேலைக்குப் போய்வரும் ஒருவர் கேட்டிருக்கிறார். 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டும்போது திடீரென்று செக் எஞ்சின் லைட் எரிகிறது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி 40 கி.மீ.க்கு மேல் இழுப்பதில்லை. ஓரம் கட்டி, சாவியை ஆஃப் செய்து, பத்து நிமிடம் கழித்து எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. இரண்டு வாரத்தில் மூன்று முறை இப்படி. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் போட்டு பி2135 என்ற பழுது எண்ணை எழுதிக் கொடுத்து, த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைத் தட்டு வைத்துக் கட்டுப்படுத்தும் பாகம்) போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவர், க்ளீன் பண்ணினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பாடி உண்மையிலேயே போய்விட்டதா? க்ளீன் செய்தால் தீருமா? அதுவரை வண்டியை ஹைவேயில் எடுக்கலாமா? இரண்டாவது கேள்விக்கு உறுதியாகவே பதில் சொல்லலாம்: இந்தக் கோட்டுக்கு க்ளீனிங் மருந்து அல்ல. மூன்றாவதற்கும் உறுதியான பதில் உண்டு: காரணம் தெரியும்வரை எடுக்காதீர்கள். முதல் கேள்விதான் சந்தேகத்தில் நிற்கிறது. பாடி போயிருக்கலாம், ஒயரோ கனெக்டரோ எர்த்தோ போயிருக்கலாம். மீட்டர் வைத்து அளக்காமல் இதில் எதையும் யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேனரில் ஒரு எண் வந்ததை மட்டும் வைத்து பார்ட் மாற்றச் சொல்வது கண்டுபிடிப்பு ஆகாது.

அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பழைய வண்டிகளில் பெடலிலிருந்து ஒரு கேபிள் போய் த்ராட்டில் தட்டை நேராக இழுக்கும். உங்கள் வண்டியில் அந்தக் கேபிள் கிடையாது. பெடலின் தலைமாட்டில் இரண்டு சென்சார்கள் இருக்கின்றன. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அவை வோல்டேஜாக இசிஎம்முக்கு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குச் சொல்லும். இசிஎம் அதோடு எஞ்சின் சூடு, ஏசி ஓடுகிறதா என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்து, தட்டு எவ்வளவு திறக்க வேண்டும் என்று முடிவு செய்து, பாடியில் உள்ள சிறிய டிசி மோட்டாரை ஓட்டும். மோட்டார் பல்சக்கரங்கள் வழியாகத் தட்டைத் திருப்பும். தட்டு உண்மையில் எங்கே வந்து நிற்கிறது என்பதை, அதே பாடியின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் இன்னும் இரண்டு சென்சார்கள் திருப்பிச் சொல்லும். மோட்டாருக்குக் கரண்ட் நின்றுவிட்டால், ஸ்பிரிங் தட்டை முழுக்க மூடிவிடாமல் சில டிகிரி திறந்த நிலையில் கொண்டுவந்து நிறுத்தும். பழுது வந்தும் எஞ்சின் அணையாமல், ஐட்லிங் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, வண்டி ஊர்ந்தாவது ஓரம் சேர்வது இந்த ஸ்பிரிங்கின் புண்ணியம்.

ஒரே தட்டுக்கு எதற்கு இரண்டு சென்சார்? ஒரு சென்சார் மட்டும் இருந்து அது பொய் சொன்னால், கால் வைக்காமலே வண்டி சீறிக்கொண்டு போகும். அதனால் இரண்டு சாட்சிகளை வைத்து, இருவர் சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று இசிஎம் விடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒத்துப்போகாவிட்டால் எது உண்மை என்று ஆராயாது. உடனே மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தி, வண்டியை லிம்ப் மோடுக்கு, அதாவது பவர் குறைந்து மெதுவாக மட்டும் போகும் நிலைக்குத் தள்ளிவிடும். பி2135 என்பது த்ராட்டில் பாடியில் உள்ள இரண்டு சென்சார்களும் சொல்வது ஒத்துப்போகவில்லை என்ற ஒரே ஒரு செய்தி. எந்தச் சென்சார் தவறு, தவறு சென்சாரிலா ஒயரிலா என்பதெல்லாம் அந்த எண்ணில் இல்லை.

ஸ்கேன் செய்தவரிடம் எண்ணை இன்னொரு முறை காட்டச் சொல்லிப் பாருங்கள். பி2135-உம் பி2138-உம் அடிக்கடி குழம்பிப் போகின்றன. பி2138 என்றால் ஒத்துப்போகாதது பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள். அதற்கு த்ராட்டில் பாடியை மாற்றினால் பணம் போனதுதான். கூடவே வேறு எண்கள் இருந்தனவா என்றும் கேளுங்கள். பி0122, பி0123 என்றால் பாடியின் முதல் சென்சாரின் வோல்டேஜ் அளவுக்குக் கீழே அல்லது மேலே போயிருக்கிறது. பி0222, பி0223 இரண்டாவது சென்சாருக்கு. பி2122, பி2123, பி2127, பி2128 எல்லாம் பெடல் பக்கம். பி2101, பி2111, பி2112, பி2118, பி2119, பி0638 போன்றவை மோட்டார் அல்லது தட்டின் அசைவு பற்றியவை. பி0641 அல்லது பி0651 கூட வந்திருந்தால், சென்சார்களுக்குப் போகும் 5 வோல்ட் சப்ளையிலேயே கோளாறு என்று அர்த்தம். அப்போது முதல் சந்தேகம் த்ராட்டில் பாடியின் மேல் விழக்கூடாது. இந்தத் துணை எண்கள்தான் திசை காட்டும். அதனால் அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும், அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேமையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழுது வந்த நொடியில் வேகம், ஆர்.பி.எம்., எஞ்சின் சூடு, பல வண்டிகளில் பேட்டரி வோல்டேஜ் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். முதல் வேலையாகக் கோட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள் என்பவர், கையில் இருந்த தடயத்தைத் தூக்கிப் போட்டவர் ஆகிறார்.

க்ளீனிங் ஏன் உதவாது என்பதற்கு வருகிறேன். தட்டின் விளிம்பிலும் அது உட்காரும் துளையின் சுவரிலும் கருப்பாகக் கார்பன் படியும். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் ஆவிதான் அதற்குக் காரணம். அது கூடினால் ஐட்லிங் ஏறி இறங்கும், ஏசி போட்டதும் வண்டி அணையும், தட்டு ஒட்டிக்கொள்ளும், பி2119, பி0506 மாதிரி கோட் வரும். அப்போது க்ளீனிங் நல்ல வைத்தியம். சென்சார்களோ பாடியின் ஓரத்தில், மூடப்பட்ட பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கின்றன. கார்பன் அங்கே எட்டாது. வேறு காரணத்துக்காக க்ளீன் செய்வதானால், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, த்ராட்டில் பாடிக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் துடையுங்கள். கார்புரேட்டர் க்ளீனரை நேராகப் பீய்ச்சினால் தட்டின் விளிம்பில் கம்பெனியே பூசியிருக்கும் பூச்சு கரையும், தண்டின் ஓரமாக மூடிக்குள்ளும் இறங்கும். இக்னிஷன் ஆன் நிலையில் தட்டுக்குள் விரல் விடவே கூடாது. மோட்டார் சட்டென்று மூடினால் விரல் நசுங்கும்.

ஆஃப் செய்து எடுத்ததும் சரியாகிறது என்பதை வைத்து, பெரிய பிரச்சினை இல்லை என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு முறை இக்னிஷன் போடும்போதும் இசிஎம் இந்தச் சோதனையை முதலிலிருந்து தொடங்கும். அந்த நேரத்தில் இரண்டு சிக்னலும் ஒத்திருந்தால் முழு பவரையும் திருப்பிக் கொடுத்துவிடும். அதாவது உங்கள் பழுது விட்டு விட்டு வருகிறது. நிரந்தரமாக அறுந்த ஒயர் இல்லை. சூடான பிறகு வருகிறது, பத்து நிமிடம் ஆறினால் போகிறது என்பது இன்னொரு தடயம். வேகமாக ஓடும்போது பானெட்டுக்குள் காற்று அடிக்கும். டோல்கேட்டில் வரிசையில் நிற்கும்போது அந்தக் காற்று நின்று உள்ளே சூடு ஏறும். அக்னி நட்சத்திர வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் நின்றாலும் இதே கதை. சூட்டில் விரியும் கனெக்டர் பின்னோ, மூடிக்குள் விரிசல் விட்ட சால்டரோ, தேய்ந்த சென்சார் தடமோ (உள்ளே முள் உரசி ஓடும் பட்டை) அப்போதுதான் கைவிடும். இந்த மூன்றில் எது என்பது கேள்வி. முதலாவதுக்கு வெறும் உழைப்பு போதும், மற்ற இரண்டுக்கு பாடி மாற்றம்தான் வழி.

மீட்டரை எடுப்பதற்கு முன் சில சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். ரிமோட் லாக், அலாரம், சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட், பிக்கப் கூட்டும் என்று பெடல் கனெக்டரில் செருகும் சின்னப் பெட்டி என்று ஏதாவது வெளியில் மாட்டியிருக்கிறீர்களா? கேஸ் கிட் மாட்டும்போது த்ராட்டில் சென்சார் ஒயரைச் சுரண்டி ஜாயின்ட் போட்டு டேப் சுற்றியிருப்பார்கள். சில வருடத்தில் அந்த டேப்புக்குள் செம்பு கறுத்துப்போகும். முதலில் அதைப் பிரித்துப் பாருங்கள். பேட்டரி முழு சார்ஜில், ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6-க்குக் கீழே விழக்கூடாது, ஓடும்போது 13.8-இலிருந்து 14.5 வரை வர வேண்டும். பேட்டரி தளர்ந்த வண்டிகளில் த்ராட்டில் கோட்கள் காரணமில்லாமல் வந்து போவது உண்டு. பேட்டரி மைனஸிலிருந்து எஞ்சினுக்கும் வண்டியின் இரும்புக் கூட்டுக்கும் போகும் எர்த் ஸ்ட்ராப்பின் போல்ட்டைக் கழற்றி, துரு நீக்கி, இறுக்கிப் போடுங்கள். வீட்டுக்கு வெளியே, வயல்வெளி ஓரமாக வண்டி நிற்கிறதென்றால் எலி கடித்திருக்கிறதா என்று ஒயரிங் நெடுக கையால் தடவிப் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடியில் போகும் பகுதிதான் எலிக்குப் பிடித்த இடம்.

இப்போது கனெக்டர். இதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். த்ராட்டில் பாடியில் பெரும்பாலும் ஆறு ஒயர் கொண்ட ஒரு கனெக்டர் இருக்கும்: இரண்டு மோட்டாருக்கு, ஒன்று 5 வோல்ட் சப்ளை, ஒன்று சென்சார் எர்த், இரண்டு சிக்னல். இக்னிஷனை ஆஃப் செய்து, கனெக்டரைக் கழற்றி, வெயிலில் பிடித்துப் பாருங்கள். நல்ல பின் மங்கலில்லாமல் பளபளக்கும். பச்சைப் பொடி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அண்டர்பாஸ் தண்ணீரில் போன வண்டி, அல்லது சர்வீஸில் எஞ்சின் மேல் பிரஷர் வாஷ் அடித்த வண்டி என்றால் இது சகஜம். பச்சை இல்லாமல் பழுப்பாக, பொசுங்கின மாதிரி இருந்தால் பின் தளர்ந்து சூடாகியிருக்கிறது. பெண் பின் ஒவ்வொன்றும் தன் இணையை இறுகப் பிடிக்கிறதா என்று பார்க்க, அதே அளவுள்ள ஆண் பின் ஒன்றைச் செருகி இழுங்கள். லேசான எதிர்ப்பு தெரிய வேண்டும். கொழகொழவென்று வழுக்கினால் அந்தப் பின்தான் குற்றவாளியாக இருக்க வாய்ப்பு அதிகம். குண்டூசியையோ மீட்டர் முனையையோ முன்பக்கமாகக் குத்தி யாராவது முன்பே டெஸ்ட் செய்திருந்தால் இப்படித்தான் அகன்றுபோகும். கான்டாக்ட் க்ளீனர் அடித்துக் காயவிட்டு, பின்னை மாற்றிப் போடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள்; மேல்பூச்சு போனால் ஆறு மாதத்தில் மறுபடி கறுக்கும்.

அடுத்தது அளவு. கனெக்டரை மாட்டியே வைத்து, ஒயர் நுழையும் பின்பக்க ரப்பர் ஓரமாக மெல்லிய ஊசியை நுழைத்து, டிஜிட்டல் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பல்பு போட்டுப் பார்க்கும் பழக்கம் நம் எலக்ட்ரீஷியன்களில் பலருக்கு உண்டு; இந்த ஒயர்களில் அதை அனுமதிக்காதீர்கள், பல்பு இழுக்கும் கரண்ட் இசிஎம்மின் உள்ளே இருப்பதைக் கெடுத்துவிடும். மீட்டரின் கருப்பு முனை பேட்டரி மைனஸில் இருக்கட்டும். இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். சப்ளை ஒயரில் 5 வோல்ட், கூடக்குறைய 0.1. சென்சார் எர்த்தில் கிட்டத்தட்ட பூஜ்யம். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் அந்த எர்த் பாதையில் எங்கோ அடைப்பு. அதன் பிறகு இரண்டு சிக்னல்களையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பல வண்டிகளில் ஒரு சிக்னல் ஏறும்போது மற்றது அதே அளவு இறங்கும். இரண்டையும் கூட்டினால் எந்த நிலையிலும் ஏறத்தாழ 5 வோல்ட் வரும். ஒன்று 0.9 என்றால் மற்றது 4.1, ஒன்று 2.0 என்றால் மற்றது 3.0. உங்கள் வண்டி இந்த வகை என்றால் இந்தக் கூட்டுத்தொகையைவிட நல்ல கருவி வேறில்லை. எர்த் சரியில்லாமல் 0.4 வோல்ட் மிதக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு சிக்னலும் மேலே தூக்கப்பட்டு, கூட்டுத்தொகை 5.4 ஆகும். 5 வோல்ட் சப்ளை 4.6-ஆக இளைத்தால், கூட்டுத்தொகையும் 4.6-ஆக விழும். எர்த் முழுக்க அறுந்தால் இரண்டு சிக்னலும் 5-ஐ நோக்கி ஏறும். சப்ளை அறுந்தால் இரண்டும் பூஜ்யத்தை நோக்கி விழும். கூட்டுத்தொகை எல்லா இடத்திலும் 5-ஆக இருந்து, தட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்தைக் கடக்கும்போது மட்டும் குதிக்கிறதென்றால் அங்கே தடம் தேய்ந்திருக்கிறது, பாடி மாற்ற வேண்டியதுதான். ஒரு சிக்னல் மட்டும் திடீரென்று காணாமல் போய் வருகிறதென்றால், அந்த ஒரு ஒயரும் அதன் பின்னும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

இதில் எச்சரிக்கை ஒன்று. சில ஜப்பானிய வடிவமைப்புகளில் இரண்டு சிக்னலும் சேர்ந்தே ஏறும், அங்கே இந்தக் கூட்டல் பொருந்தாது. தட்டு மூடியபோது ஒன்று 0.5-இலிருந்து 1.1 வரையும், மற்றது 2.1-இலிருந்து 3.1 வரையும் இருப்பது அந்த வகைக்கு ஒரு மாதிரி. இரண்டுக்கும் உள்ள இடைவெளி வழுக்காமல் சீராகப் போகிறதா என்றுதான் அங்கே பார்க்க வேண்டும். தொடாமல் வேலை செய்யும் காந்த சென்சார் வகையில் தடம் என்று ஒன்று இல்லாததால் தேய்மானமும் இல்லை. உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக்ஸ் சூட்டில் திணறுவதுதான் அதன் வியாதி. இன்னும் புதிய மாடல்களில் சிக்னலே டிஜிட்டலாக வரும், மீட்டரில் அதைப் படிக்க முடியாது. உங்கள் மாடலின் சரியான அளவுகளும் பின் வரிசையும் சர்வீஸ் மேனுவலில் இருக்கின்றன. மெக்கானிக் அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறாரா என்று கவனியுங்கள்.

விட்டு விட்டு வரும் பழுதை நின்ற இடத்திலேயே வரவழைக்க வேண்டும், அதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, பானெட்டை மூடி, கால் மணி நேரம் ஐட்லிங்கில் விடுங்கள். பிறகு திறந்து, மீட்டரை மின்-மேக்ஸ் (குறைந்த, கூடிய அளவுகளைப் பிடித்து வைக்கும்) பதிவில் போட்டு ஒரு சிக்னலில் மாட்டிவிட்டு, கனெக்டரிலிருந்து தொடங்கி ஒயரிங்கை ஒவ்வொரு அங்குலமாக அசையுங்கள்: மேலே, கீழே, இழுத்து, முறுக்கி. எஞ்சின் அசையும்போது வளையும் இடத்தில் ஒயர் உள்ளே அறுந்து, மேல் தோல் மட்டும் முழுசாக இருக்கும். அங்கே ஒயரைப் பிடித்து லேசாக நீட்டினால் ரப்பர் மாதிரி இழுபடும். அசைக்கும்போது எஞ்சின் சத்தம் மாறினாலோ, செக் லைட் எரிந்தாலோ இடம் கிடைத்துவிட்டது. அசைத்து ஒன்றும் வரவில்லை என்றால் ஹேர் ட்ரையரால் பாடியின் பிளாஸ்டிக் மூடியை மட்டும் சூடாக்கிப் பாருங்கள், ஒயரில் படாமல். அப்போது சிக்னல் குதித்தால் கோளாறு மூடிக்குள்தான் இருக்கிறது. பாடி மாற்றச் சொன்ன ஒர்க்‌ஷாப் சொன்னது சரி. விலை குறைவான புளூடூத் ஸ்கேனரை போனில் இணைத்து கிராஃப் பார்ப்பவர்கள் உண்டு. த்ராட்டில் பொசிஷன் ஏ, பி இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது நொடிக்குச் சில முறைதான் படிக்கும். இசிஎம் கண்ணில் படும் அளவு நீடித்து, ஸ்கேனர் கண்ணில் படாமல் போகும் துண்டிப்புகள் ஏராளம். கிராஃப் சுத்தமாக இருக்கிறது என்பதால் ஒயர் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஆசிலோஸ்கோப் (சிக்னலை நொடிப்பொழுதும் விடாமல் அலையாகக் காட்டும் கருவி) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் கிடைத்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

5 வோல்ட் சப்ளையே விழுகிறதென்று தெரிந்தால் த்ராட்டில் பாடியை விட்டுவிட்டு அக்கம்பக்கம் பாருங்கள். பல வண்டிகளில் அதே சப்ளை மேனிஃபோல்டு பிரஷர் சென்சாருக்கும் ஏசி பிரஷர் சென்சாருக்கும் பிரிந்து போகும். அவற்றில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனால் எல்லோருக்கும் இருட்டு. ஒவ்வொன்றாகக் கனெக்டரைக் கழற்றுங்கள்; எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் ஆள். ஏசி போட்டால் மட்டும் பழுது வருகிறது என்றால் இந்தச் சோதனையை முதலிலேயே செய்துவிடலாம்.

மோட்டார் பக்கம் உங்கள் கோட் சொல்லவில்லை, அதனால் சுருக்கமாக: கனெக்டரைக் கழற்றி மோட்டாரின் இரண்டு பின்களுக்கு இடையே அளந்தால் சில ஓம்கள் வரும், முடிவில்லாமல் காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. 12 வோல்ட்டை நேராகக் கொடுத்து சுற்றிப் பார்க்காதீர்கள், தட்டு முழு வேகத்தில் போய் முட்டிப் பிளாஸ்டிக் பல் உடையும். பெடல் பக்கம் பி2138 என்றால் அங்கேயும் இதே முறைதான். பல பெடல்களில் முதல் சிக்னல் இரண்டாவதைப்போல இரண்டு மடங்காக இருக்கும், கால் வைக்காதபோது 0.75-உம் 0.37-உம் போல. பெடலை மெதுவாக, மிக மெதுவாக அழுத்திக்கொண்டே போகும்போது அந்த விகிதம் எங்கேயும் தடுமாறக் கூடாது. பிரேக் ஸ்விட்ச் கெட்டாலும் பிக்கப் போகும்: கால் பிரேக்கில் இருக்கிறது என்று இசிஎம் நம்பினால் ஆக்ஸிலேட்டருக்கு மதிப்புக் கொடுக்காது. பிரேக் லைட் எரிந்தபடியே நிற்கிறதா என்று பின்னால் ஒருவரை நிறுத்திப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

ஹைவே பற்றி. இந்த அமைப்பு பழுதானால் பவரைக் குறைக்கும் பக்கமாகச் சாயும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. தானாகச் சீறிப் பாயும் ஆபத்து மிக அரிது. ஆனால் சென்னை–பெங்களூர் சாலையில், பின்னால் லோடு லாரி வரும்போது, ஓவர்டேக் எடுத்த நடுவில் பவர் போவது தன்னளவிலேயே உயிர் ஆபத்து. காரணம் தெரியும்வரை காட்பாடி, சத்துவாச்சாரி என்று ஊருக்குள் மெதுவாக எடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை நினைக்கவே வேண்டாம். தவிர்க்க முடியாமல் ஹைவேயில் போகிறீர்கள் என்றால் இடது லேன், ஓவர்டேக் கிடையாது. பவர் போன உடனே நாலு இண்டிகேட்டரையும் போட்டு, இருக்கிற வேகத்திலேயே சர்வீஸ் ரோடுக்கோ ஓரத்துக்கோ இறங்குங்கள். ஓடும்போது சாவியை எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எப்போதாவது ஆர்.பி.எம். தானாக ஏறினால் பிரேக்கை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்தபடி கிளட்ச்சை மிதித்து நியூட்ரல் போடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு அடித்தால், தட்டு திறந்திருக்கும்போது பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் கிடைக்காமல் பெடல் கல்லாகிவிடும்.

எல்லாம் அளந்து பார்த்து பாடிதான் என்று முடிவானால், பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு வாங்குங்கள். கனெக்டர் பொருந்துகிறது என்பது போதாது. உள்ளே சிக்னல் ஏறி இறங்கும் அளவு வேறாக இருந்தால் மாட்டிய நிமிடமே கோட் வரும். சென்னை புதுப்பேட்டையில் பழைய பாடி மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் உங்கள் பழுது சூட்டில் மட்டும் வருவது. அங்கே மேசையில் வைத்துப் பார்க்கும் பாடி ஆறிப்போய் நன்றாகவே அளவு காட்டும், உங்கள் வண்டியில் பள்ளிகொண்டாவில் மறுபடி நிற்கும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட இந்த ஒரு பார்ட்டில் பழையதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது. மூடியைத் திறந்து சால்டர் வைத்துத் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்காதீர்கள்.

புதிய பாடி போட்ட பின், க்ளீன் செய்த பின், பேட்டரி கழற்றிய பின் மூன்றிலுமே ஐட்லிங் படிப்பு தேவை, அதாவது ஐட்லிங்கில் தட்டு எங்கே நிற்க வேண்டும் என்று இசிஎம் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். பல வண்டிகள் தாமாகவே படிக்கும்: எஞ்சின் சூடான நிலையில், ஏசி, லைட் எல்லாம் ஆஃப், பெடலில் கால் வைக்காமல் இக்னிஷனை அரை நிமிடம் ஆன் செய்து, அரை நிமிடம் ஆஃப் செய்து, ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் அப்படியே ஓடவிடுங்கள். சில ஐரோப்பிய வண்டிகள் ஸ்கேனரில் அடாப்டேஷன் கட்டளை கொடுக்காமல் ஒத்துக்கொள்ளாது. இது செய்யாமல் வண்டியை வாங்கி வந்து, ஐட்லிங் 1,500-இல் நிற்கிறது, புது பார்ட்டும் மோசம் என்று திரும்பப் போகிறவர்கள் நிறைய.

வண்டியை எடுக்கும்போது பழைய பாடியைக் கேட்டு வாங்கி, பாலிதீன் கவரில் சுற்றி வீட்டில் வையுங்கள். புதிய பாடியிலும் அதே பி2135 திரும்பி வந்தால், ஒயரிங்கை யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம். அந்த இரண்டு பாடியையும் மாற்றி மாட்டி இரண்டிலும் அதே அளவு வருகிறதா என்று காட்டச் சொல்லி, மீட்டரோடு கனெக்டரிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லலாம்.